காரில் ‘கர்ர்’ சத்தம்... கோளாறு வூஃபரிலா, காதிலா?

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஒன்றில் 25 வருடம் ஷிப்ட் பார்த்த அப்பா. மின்சார ரயில் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகும் மகன். வீட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார். டிக்கியில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த சப்வூஃபர் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.

“இன்னாடா, பாட்டுல ஒரு வார்த்தகூட புரியல? சவுண்டு வை!” என்கிறார் அப்பா.

“காது கிழியுதுங்க, கொறைங்க” என்கிறார் பின் சீட்டில் இருக்கும் அம்மா.

சத்தம் ஏற ஏற டிக்கியிலிருந்து ‘கர்ர்... கர்ர்...’ என்று ஓர் இரைச்சல். “வூஃபர் போயிடுச்சுப்பா. ஜி.பி. ரோட்டுல புதுசா மாட்டிடலாம், 20,000 ரூபாய் ஆகும்” என்கிறார் மகன்.

பணத்தை எடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில், கோளாறு எங்கே?

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதில் அடிமட்டத்தில் இருக்கும் ‘தும் தும்’ ஒலிகளுக்கு மட்டும்தான் சப்வூஃபர். பாட்டின் வார்த்தைகள் கதவில் இருக்கும் ஸ்பீக்கர்களிலிருந்து வருகின்றன. அதனால், ‘வார்த்தை புரியவில்லை’ என்ற குறைக்கு வூஃபரை மாற்றினால் தீர்வு கிடைக்காது.

‘கர்ர்’ சத்தமும் எப்போதும் வூஃபரின் தப்பு அல்ல. நம்பர் பிளேட், ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கும் ஜாக்கி, டிக்கி மூடியின் பிளாஸ்டிக் எல்லாமே பாஸ் ஒலிக்கு அதிரும். பாட்டு ஓடும்போது ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அதிலும் நிற்கவில்லையென்றால் மெக்கானிக் மல்டிமீட்டர் வைப்பார். 4 ஓம் வூஃபர் என்றால் சுமார் மூன்றரை ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது என்று அர்த்தம். காயில் நன்றாக இருந்து, விளிம்பு மட்டும் கிழிந்திருந்தால் கோன் மாற்றியே சரிசெய்துவிட முடியும். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த நம் ஊரில், ஃபோம் விளிம்புகள் சில வருடங்களில் உதிர ஆரம்பிப்பது சகஜம்.

மாற்றத்தான் வேண்டுமா? மூன்று வழிகள்

ஒன்று, அதே வூஃபரை சர்வீஸ் சென்டரில் வாங்கி மாட்டுவது. கம்பெனி ஆம்ப், கம்பெனி வூஃபருக்கென்றே டியூன் செய்யப்பட்டிருக்கும். வெளியில் வாங்கும் வூஃபரின் ஓம் குறைவாக இருந்தால் ஆம்ப் சூடாகிச் செத்துப்போகும். ஓம் அதிகமாக இருந்தால் சத்தம் குறைந்துவிடும். ஆழம் ஒரு இன்ச் கூடினாலும் அந்த இடத்தில் உட்காராது. ‘புதுசு நல்ல பிராண்டு’ என்பது மட்டும் போதாது.

இரண்டு, சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆக்டிவ் சப்வூஃபர். ஆம்பும் வூஃபரும் ஒரே டப்பாவில் இருக்கும். ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் மாடல் என்றால் கம்பெனி செட்டைக் கழற்ற வேண்டாம். குடும்பக் காருக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

மூன்று, தனி ஆம்ப், தனி பெட்டி. பாஸ் அதிரும், டிக்கியில் பாதி இடமும் போய்விடும். பெட்டியில் ‘1,000 வாட்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஒரு நொடித் துடிப்பின் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை ஆர்.எம்.எஸ். எண்தான் சொல்லும். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் ஒலி கூடுவது 3 டெசிபல்தான்.

வயரில் மிச்சம் பிடித்தால்...

இந்த வேலையில் உண்மையான ஆபத்து வயரிங்கில் இருக்கிறது. 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலிருந்து சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். அந்த வயர் இன்ஜின் பக்கத்திலிருந்து டிக்கி வரை காரின் இரும்புத் தகடுகளைத் தாண்டி ஓடுகிறது. எங்காவது உரசித் தோல் உரிந்து, ஃப்யூஸும் இல்லையென்றால், பேட்டரியின் மொத்த சக்தியும் அந்த இடத்தில் தீயாக இறங்கும்.

அதனால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் வேண்டும். வயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் விலை குறைவு, தாங்கும் கரன்ட்டும் குறைவு. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்க வேண்டும். பழவேற்காடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்று அதிகம் என்பதால் அந்த போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுவதும் நல்லது.

கம்பெனி வயரை வெட்டி ஒட்ட விடவே கூடாது. அந்தக் காருக்கென்றே கப்ளர்கள் கிடைக்கின்றன. வெட்டிய வயரால் கோளாறு வந்தால் வாரன்ட்டியில் கைவிரித்துவிடுவார்கள்.

இன்ஷூரன்ஸிடம் சொன்னீர்களா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். காருக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிதான்.

வெளியில் வாங்கி மாட்டிய ஆடியோ, காரின் மதிப்பில் தானாகச் சேராது. பாலிசியில் ‘எலெக்ட்ரிக்கல் ஆக்சசரீஸ்’ என்று தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். வழக்கமான கணக்கு, பொருளின் மதிப்பில் 4 சதவீதம். 20,000 ரூபாய் செட்டுக்கு வருடம் 800 ரூபாய், வரி தனி. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் கிளெய்ம் பேச முடியும்.

கடைசியாக, அப்பாவின் காது

‘சத்தம் கேட்குது, வார்த்தை புரியல.’ அப்பா சொன்ன இந்த ஒரு வரியைத்தான் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

வருடக்கணக்கில் இயந்திர இரைச்சலில் நின்றவர்களுக்கு முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள். ‘ச’, ‘ஸ’, ‘ட’ போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதில் இந்த மேல் ஒலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை மங்கும்போது பேச்சு குழறலாகக் கேட்கும். டி.வி. சத்தம் கூடும். காரில் வால்யூமும் பாஸும் முழுசாகத் திரும்பும். அந்த அடியில்தான் வூஃபரும் கிழிந்திருக்கும்.

இப்படிப் போன கேட்கும் திறன் திரும்ப வராது. மேலும் போகாமல் தடுக்கலாம். தேவைப்பட்டால் கருவி வைக்கலாம். இரைச்சலால் வரும் காது கேளாமை, 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே இடம்பெற்றிருந்தது. இ.எஸ்.ஐ. வசதி உள்ளவர்கள் அங்கேயும், மற்றவர்கள் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளலாம். வலி இல்லாத பரிசோதனை. ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கினால் போதும்.

இது இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். தினமும் வேலைக்குக் காரிலேயே போய் வருபவர், கண்ணாடியை ஏற்றிவிட்டு அலறவிட்டால் புதன்கிழமைக்குள்ளேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

ஆக, அந்த மகன் 20,000 ரூபாயோடு ஜி.பி. ரோட்டுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு. கிழிந்த கோனை உள்ளூர் கடையில் காட்டுவது. அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போவது.

வூஃபர் அடுத்த மாதம்கூடக் கிடைக்கும்.