கம்பு பிடிக்கலாம், வாத்தியாராகக் கூடாதா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை விரியும் மானாவாரிக் காட்டில் சிலம்பம் புதுச் செய்தி இல்லை. முளைப்பாரி ஊர்வலமோ பொங்கல் விழாவோ, முன்னால் நாலு பேர் கம்பு சுற்றிப் போவது வழக்கம்தான். இன்று நம் காலனிப் பிள்ளைகளும் சுற்றுகிறார்கள். மாவட்டப் போட்டிக்குப் போய்ப் பதக்கம் வாங்கி வருகிறார்கள். அந்தப் படத்தை நாம் பெருமையோடு பகிர்கிறோம். பகிர வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. இன்று பதக்கம் வாங்கிய அந்தப் பிள்ளை இருபது வருடம் கழித்து எங்கே நிற்பார்? வாத்தியாராக நிற்பாரா? ஊர்த்தெருப் பிள்ளைகள் அவர் முன்னால் வந்து வணக்கம் வைத்துக் கம்பை வாங்குவார்களா?

தோழர்களே, நாம் சொல்ல வருவது இதுதான். கற்றுக்கொள்ளும் கதவை நம் முன்னோர்கள் போராடிப் பாதி திறந்துவிட்டார்கள். கற்பிக்கும் இடத்தில்தான் சாதி இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இனி நம் கண் அங்கே இருக்க வேண்டும்.

சிலம்பம் கற்பவர் நடந்து வரும் பாதை நீளமானது. கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பே காலடி சொல்லிக் கொடுப்பார்கள். கால் சரியாக விழாதவருக்குக் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. பிறகு ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, மான்கொம்பு, வாள், சுருள்வாள். அதன் பிறகு எதிராளியோடு நேருக்கு நேர் நிற்கும் தொடுமுறை. கம்பின் நுனி எதிராளியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. தொட்டால் தீட்டு என்ற ஊரில், தொட்டால் வெற்றி என்று சொல்லும் விளையாட்டு இது. நம் பிள்ளைகள் இதை விரும்புவதில் வியப்பென்ன?

இதையெல்லாம் கடந்து வர எட்டுப் பத்து வருடம் ஆகும். ஆனால் நன்றாக ஆடத் தெரிந்த எல்லோரும் வாத்தியார் ஆகிவிடுவதில்லை. வாத்தியார் என்பது திறமை மட்டுமல்ல, அது ஒரு இடம். நாலு பேர் பிள்ளையை நம்பி ஒப்படைக்க வேண்டும். அவர் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த அதிகாரத்தை ஒரு சேரிக்காரருக்குக் கொடுக்கத்தான் சாதிச் சமூகத்துக்கு மனம் வருவதில்லை. ஆடு, கை தட்டுகிறோம். ஆனால் எங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வராதே. இதுதான் எழுதப்படாத விதி.

இந்த விதி சிலம்பத்தோடு நிற்பதில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு. சாமர் சமூகத்தில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். அவர் பந்துவீச்சு இந்து அணிக்கு வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் தனி மண்குவளை. அணித்தலைவர் பதவி கடைசி வரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நீண்ட சண்டைக்குப் பிறகு 1923இல் அவருடைய தம்பி விட்டல்தான் அந்த இடத்தில் உட்கார்ந்தார். பந்து வீசலாம், தலைமை தாங்கக் கூடாது. கம்பு பிடிக்கலாம், வாத்தியாராகக் கூடாது. இரண்டும் ஒரே விதிதான்.

இந்தியாவில் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளருக்கு ஒன்றிய அரசு 1985 முதல் ஒரு விருது கொடுக்கிறது. அதன் பெயர் துரோணாச்சாரியார் விருது. கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவரின் பெயர்தான் நல்லாசிரியருக்கு அடையாளம்! நாமும் ஏகலைவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இழந்த விரலைப் பற்றியே பேசுகிறோம். அந்த விரல் போனதால் ஒரு வில்லாளி மட்டும் போகவில்லை, ஒரு ஆசிரியரும் போனார். ஏகலைவனிடம் கற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறையே போனது.

ஆனால் வரலாற்றில் விரலைக் கொடுக்காத ஆசானும் இருக்கிறார். லகுஜி வஸ்தாது சால்வே, 1794இல் பிறந்து 1881 வரை வாழ்ந்தவர். மராட்டியத்தில் தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட மாங் சமூகத்தவர். புனேயில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி மல்யுத்தமும் ஆயுதப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். வஸ்தாது என்றால் ஆசான். நம் ஊரில் குஸ்தி வாத்தியாரை வஸ்தாது என்கிறோமே, அதே சொல்தான். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ஜோதிராவ் பூலே. பார்ப்பனரான வாசுதேவ் பல்வந்த் பட்கேவும் அவரிடம் பயின்றவர் என்றே சொல்லப்படுகிறது. 1848இல் பூலே பெண்களுக்குப் பள்ளி திறந்து, ஊரே எதிர்த்து நின்றபோது, லகுஜி அவர் பக்கம் நின்றார். பூலே நடத்திய பள்ளியில் படித்த மாங் சமூகத்துச் சிறுமி முக்தா சால்வே, 1855இல் மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி அச்சில் வெளியிட்டார். பயிற்சிக் கூடத்தில் தொடங்கிய வழி பள்ளிக்கூடத்துக்கும் எழுத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு தலித் ஆசானாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

'சிலம்பம் எங்கள் சாதியின் வீரக்கலை' என்று நம் பக்கத்தில் சிலர் மேடை போட்டுப் பேசுகிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் தேடி அலைய வேண்டாம். சிலம்ப முறைகளின் பெயர்களே பதில் சொல்லும். குறவஞ்சி என்று ஒரு முறை. பனையேறி மல்லு என்று ஒரு முறை. கள்ளன் கம்பு என்று ஒரு முறை. மலையில் திரிந்தவர், மரம் ஏறியவர், காவலுக்கு நின்றவர், ஆடு மாடு மேய்த்தவர் என்று உழைக்கும் மக்கள் எல்லோரும் சேர்த்து வளர்த்த கலை இது. ஒரு சாதியின் பட்டாவில் இதை எழுத முடியாது.

இளைஞர்கள் சிலர் கேட்பார்கள்: கம்பு கற்றால் பிரச்சினை வராதா? தற்காப்பு குற்றமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தன்னையும் பிறரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற எல்லையையும் அவையே வகுக்கின்றன. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். பதற்றமான பகுதியில் மற்றவர்களின் ஆயுத உரிமத்தை ரத்து செய்யவும், தேவையென்றால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கவும் அரசுக்கு அது வழி சொல்கிறது. நம் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அதே நேரம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழி வாங்கக் கம்பு கற்பதை நாம் ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அவருடைய வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் அவர் பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கயிறு கட்டிவிட்டுக் கம்பு கொடுக்கும் இடம் பயிற்சிக் கூடம் இல்லை, அது அடியாள் பட்டறை. ஒரு பிள்ளையின் கையில் கம்பு கொடுப்பவர் யார் என்பது அந்தப் பிள்ளையின் மனதில் எது விதைக்கப்படும் என்பதையும் தீர்மானிக்கிறது. நம்மில் ஆசான்கள் வர வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் காரணம்.

அரசு சிலம்பத்தைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2023இல் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இருந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. பணமும் சான்றிதழும் வரும் இடத்துக்குச் சாதியும் சங்கமும் முந்திக்கொண்டு வரும். கரிமூட்டத்திலும் பஞ்சாலை ஷிப்டிலும் உழைத்துவிட்டுச் சாயங்காலம் இலவசமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரிடம் சான்றிதழ் இருக்காது. உடற்கல்விப் பட்டம் இல்லாததால் பள்ளியில் ஆசிரியராகவும் முடியாது. அவரிடம் கற்ற பிள்ளை ஜெயிக்கும். மேடையில் சால்வை வேறு ஒருவருக்குப் போகும்.

இதை மாற்ற மாணவர்களான உங்களால் செய்யக் கூடியவை உண்டு. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு பயிற்சிக் கழகத்தைப் பதிவு செய்யலாம். உங்கள் காலனி வாத்தியாரின் பெயரை முதலில் எழுதுங்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் நடக்கும் தற்காப்புப் பயிற்சிக்கு அவரையே அழைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். ஊராட்சியின் பொது மைதானத்தில் பயிற்சி நடத்துங்கள். காலனிக்குள் மட்டும் நடத்தினால் அது நம்மை நாமே ஒதுக்கி வைத்துக்கொள்வதாகும். நன்றாக ஆடும் பெண் பிள்ளையைப் பதக்கத்தோடு நிறுத்தாமல் அடுத்த ஆசானாகத் தயார் செய்யுங்கள். உடற்கல்விப் பட்டம் படிக்க வாய்ப்பிருப்பவர்கள் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வாருங்கள்.

எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்த்தெருப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றால், அவனுக்கும் அதே காலடியிலிருந்து சொல்லிக் கொடுங்கள். அவன் உங்களை 'வாத்தியாரே' என்று கூப்பிடும் அந்த ஒரு சொல், பத்துப் பதக்கம் செய்யாததைச் செய்யும்.

பதக்கம் வாங்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். இனி நமக்கு வேண்டியவர்கள் வாத்தியார்கள்.