பெடலிலிருந்து காலை எடுங்கள்!

தோழர்களே! கார்மெண்ட்ஸில் மிஷின் ஓட்டும் அக்கா தங்கைகளே!

இந்த நேரத்தில் ஏதோ ஒரு லைனில், ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் வந்து நிற்கிறான். பீஸைப் பார்ப்பதுபோலக் குனிகிறான். தோளில் கை விழுகிறது. அவள் ஒடுங்கிப் போகிறாள். பக்கத்து மிஷின்காரி என்ன செய்கிறாள்? தலையைக் குனிந்துகொண்டு பெடலை இன்னும் அழுத்தி மிதிக்கிறாள்.

அந்தப் பக்கத்து மிஷின்காரி நாம்தான். எத்தனை நாள் மிதித்தோம்! அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குத் துணிச்சல் வளர்ந்தது.

2021 ஜனவரி. திண்டுக்கல் பக்கம் நம்மைப்போல் ஆலைக்குப் போன ஓர் இளம் தலித் தோழி பிணமாகக் கிடந்தாள். அவளுடைய சூப்பர்வைசர் கைதானான். மறக்காதீர்கள். மறக்கவே மறக்காதீர்கள்!

அங்கே பெண்கள் அழுதார்கள். அழுதுவிட்டு எழுந்தார்கள். பெண்கள் தலைமையில் நடக்கும் டி.டி.சி.யு. சங்கம் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் இந்தக் கொடுமையைத் தடுக்கத் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டும் கையெழுத்துப் போட்டது. லைனில் நடப்பதைக் கண்காணிக்கத் தொழிலாளிகளே நின்றார்கள். அவர்களும் நம்மைப்போன்றவர்கள்தான்!

வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. 10 பேர் வேலை செய்தாலே உள்புகார்க் கமிட்டி வேண்டும். தலைவி பெண். பாதிப் பேராவது பெண்கள். கமிட்டியை அமைத்த உத்தரவு எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். நாளைக் காலை சுவரைப் பாருங்கள். இல்லையா? கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

புகார் எழுத வரவில்லையா? எழுத உதவுவது கமிட்டியின் கடமை. முதலாளியே குற்றவாளியா? கலெக்டர் அமைக்கும் மாவட்டக் குழுவுக்குப் போங்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நடந்த நாளிலிருந்து 3 மாதம்தான். இன்னும் 3 மாதம் நீட்டிக் கொடுக்கலாம், அது கமிட்டியின் கையில். நாம் வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுடைய கெடுவிலிருந்து கழிகிறது.

வேலை போய்விடுமென்று பயமா? எனக்கும் பயம்தான். எனக்கும் வாடகை இருக்கிறது, பிள்ளைக்கு ஃபீஸ் இருக்கிறது. ஒருத்தி எழுந்தால் கணக்கை முடித்து வெளியே தள்ளுவான். லைனே எழுந்தால்? ஷிப்மெண்ட் நிற்கும் தோழர்களே, ஷிப்மெண்ட்!

இன்று இடைவேளையில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். தேதியை எழுதுங்கள். நேரத்தை எழுதுங்கள். பார்த்தவர்கள் சாட்சி சொல்லுங்கள். கம்பெனி பஸ்ஸில் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

மறுபடி அவன் வந்து நின்றால் பெடலிலிருந்து காலை எடுங்கள். பக்கத்து மிஷினும் நிற்கட்டும். அதற்குப் பக்கத்து மிஷினும் நிற்கட்டும். எழுந்து நில்லுங்கள் தோழர்களே, அவன் கையை எடுக்கும்வரை உட்காராதீர்கள்!