அலும்னஸ் என்னும் சொல்

கல்லூரியில் பயின்று வெளியேறிய ஒருவரை ஆங்கிலத்தில் ‘அலும்னஸ்’ என்பர். இஃது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் வினையொன்றே இதன் வேர். பண்டை உரோமர் வளர்ப்புப் பிள்ளையை இச்சொல்லால் சுட்டினர். பயின்ற கல்விக்கூடத்தை ‘ஆல்மா மேட்டர்’, அஃதாவது ஊட்டி வளர்க்கும் தாய், என்று போற்றுதலும் மேலை நாட்டு வழக்கமாகும். இத்தாலியிலுள்ள பொலோஞா பல்கலைக்கழகம் அத்தொடரைத் தன் பெயரோடு இன்றும் தாங்கி நிற்கிறது. கல்விக்கூடம் தாயாயின், அங்குப் பயின்றவர் பிள்ளையே அன்றோ?

இத்துணைப் பொருள் நிறைந்த சொல்லைப் பலர் பிழைபட ஆள்கின்றனர். ‘நான் இக்கல்லூரியின் அலும்னை’ என்று ஒருவரே தம்மைக் கூறிக்கொள்கிறார். அலும்னை என்பது பன்மை. ‘நான் இக்கல்லூரியின் மாணவர்கள்’ என்று தமிழில் எவரேனும் சொல்வரோ? ஆடவர் ஒருவர் அலும்னஸ். பெண் ஒருவர் அலும்னா. ஆடவர் பலர் அலும்னை. மகளிர் பலர் அலும்னீ. இருபாலாரும் கலந்த கூட்டத்திற்கு ஆண்பாற் பன்மையே வரும். நூறு மகளிரிடையே ஆடவர் ஒருவர் இருப்பினும் இதுவே விதி! தமிழின் பலர்பால் இருபாலார்க்கும் பொதுவாய் நிற்றலை அறிந்தவர்க்கு, இவ்விதி நடுவுநிலை தவறியதாகவே தோன்றும்.

ஒலிப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயர் ‘அலும்னை’ என ஒலிக்கும் ஆண்பாற் பன்மையை உரோமர் ‘அலும்னீ’ என்றே ஒலித்தனர். அவர்க்கு ‘அலும்னை’ பெண்பாற் பன்மை. ஆதலின் செவியை மட்டும் நம்பி எழுதுவோர் இடறுவர்.

பெண்பால் வடிவத்தை வேண்டாத நுணுக்கம் எனத் தள்ளுவாரும் உளர். அவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை நினைத்தல் நலம். பின்னர்க் கிர்ட்டன் எனப் பெயர்பெற்ற மகளிர் கல்லூரி 1869இல் தொடங்கப்பெற்றது. ஆடவர் எழுதிய தேர்வுகளையே மகளிரும் எழுதித் தேறினர். எனினும், அவர்க்குப் பட்டம் வழங்கும் முயற்சி 1897இல் வாக்கெடுப்பில் தோற்றது. 1921இல் பெயரளவான பட்டமே கிடைத்தது. முழு உரிமை 1948இலேதான் வந்தது. இவ்வாறு நெடுங்காலம் வாயிலில் நிறுத்தப்பட்ட பெண்ணினத்தாருள் ஒருவரை, பட்டம் பெற்ற பின்னரும் ‘அலும்னஸ்’ என ஆண்பாலால் எழுதுதல் இலக்கணப் பிழை மட்டுமன்று. அவரைக் காணாது விடுதலும் ஆகும்.

இக்காலத்து ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பேச்சில் ‘அலும்’ எனச் சுருக்கி, பால் வேறுபாட்டையே நீக்கிவிடுகின்றனர். பேச்சிற்கு அது போதும். அழைப்பிதழிலும் சான்றிதழிலும் உரிய வடிவத்தையே எழுதுதல் வேண்டும். தமிழில் எழுதுவோர்க்கோ இத்தொல்லை இல்லை; ‘முன்னாள் மாணவர்’ என்னும் தொடர் இருபாலார்க்கும் பொருந்தும்.