டிபிராக் செய்வதற்கு முன் ஒரு நிமிடம்!

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும், "டிபிராக் செய்து பாருங்கள்" என்ற பதில் உடனே வரும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். இப்போது அதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் போன் செய்தார். பைல்களைத் திறக்க அதிக நேரமாகிறது, சில சமயம் பெட்டிக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்றார். நேரில் பார்க்காமலேயே, "இரவு டிபிராக் போட்டுவிட்டுத் தூங்குங்கள்" என்றேன். காலையில் விண்டோஸ் வரவே இல்லை. மகளின் திருமணப் போட்டோக்கள் முழுவதும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு காப்பி கிடையாது. டிஸ்க் ஏற்கெனவே பழுதாகிக் கொண்டிருந்தது. அதன் மீது இரவு முழுவதும் படித்து எழுதும் வேலையை ஏற்றியது என் யோசனை.

டிபிராக் என்னதான் செய்கிறது? ஒரே குடும்பத்தினருக்கு ரயிலில் வேறு வேறு பெட்டிகளில் இடம் கிடைத்தால், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கவே பெட்டி பெட்டியாக நடக்க வேண்டும் அல்லவா? ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதைதான். காலி இடம் ஒரே இடத்தில் இல்லாதபோது, விண்டோஸ் ஒரு பைலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் எழுதி வைக்கிறது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் எடுத்துக் கொள்ளும். ஒவ்வொரு துண்டும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஆயிரம் துண்டுகள் என்றால் காத்திருப்பு மட்டுமே 4 செகண்ட்! ஹெட் இங்குமங்கும் நகரும் நேரம் தனி. சிதறிய துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்து வைப்பதுதான் டிபிராக்.

எனவே இது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 1993ல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 6லேயே இந்த வசதி இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை இதை நாமே இயக்க வேண்டியிருந்தது. விஸ்டா முதல் விண்டோஸே வாரம் ஒரு முறை தானாகச் செய்து கொள்கிறது. ஆகவே தினமும் டிபிராக் செய்வதும், இதற்கென்று காசு கொடுத்துத் தனி புரோகிராம் வாங்குவதும் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து.

இனி அந்த இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி: உங்களிடம் இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? ஸ்டார்ட் மெனுவில் 'டிபிராக்மென்ட்' என டைப் செய்தால் வரும் விண்டோவில், ஒவ்வொரு டிரைவுக்கும் நேராக 'மீடியா டைப்' என்ற பகுதியில் இது காட்டப்படும். எஸ்.எஸ்.டி. என்றால் அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. துண்டுகள் சிதறிக் கிடந்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது. அதன் மெமரி செல்களில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கு உண்டு. வீணாக ஏன் எழுத வேண்டும்? அதற்குத் தேவையான 'ட்ரிம்' வேலையை விண்டோஸ் பார்த்துக் கொள்ளும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: உங்கள் பைல்களுக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா? இல்லை என்றால் டிபிராக் பக்கமே போகாதீர்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்க்கிலோ, பென் டிரைவிலோ முதலில் காப்பி எடுங்கள். புதிதாக டிக் டிக் சத்தம் வந்தாலும், பைல் காப்பி ஆகும்போது எர்ரர் செய்தி வந்தாலும் அது சிதறலின் அறிகுறி ஆகாது. டிஸ்க் சாகப் போவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது டிபிராக் கூடவே கூடாது. முக்கியமான பைல்களை உடனே காப்பி செய்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். மாற்றும்போது எஸ்.எஸ்.டி.யாக வாங்கிப் போடுங்கள். எத்தனை முறை டிபிராக் செய்தாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

மெதுவாக இயங்கும் கம்ப்யூட்டரை நாளைக்கும் சரி செய்யலாம். தொலைந்த போட்டோவை யார் எடுத்துத் தருவது? அந்த நண்பர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.