கருவி தொகுக்கும், காரணத்தை எழுதுவது யார்?

பேரங்காடி ரசீது ஒன்றை எடுத்து அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். மொத்தத் தொகைக்குக் கீழே ஓரிரு சென் கூட்டியோ குறைத்தோ ஒரு திருத்தம் இருக்கும். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் மொத்தக் கட்டணத்தை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறார்கள். 1, 2 சென் என்றால் விட்டுவிடுவார்கள். 3, 4 என்றால் 5 ஆக்குவார்கள். கல்லாவில் இருக்கும் கணினிக்காக யாரோ ஒரு நிரலர் இதைச் சில வரிகளில் எழுதியிருக்கிறார்.

அந்த வரிகளுக்கு மேலே அவர் என்ன குறிப்பு எழுதியிருப்பார்? "தொகையைச் சரிசெய்யும்" என்று எழுதியிருந்தால் அது பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. மொத்தத் தொகையை மட்டுமே சரிசெய்ய வேண்டும், தனித்தனிப் பொருளின் விலையை அல்ல. அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். 1 வெள்ளி 98 சென் பொருள் மூன்று வாங்கினால் 5.94, அது 5.95 ஆகும். விவரம் தெரியாத ஒருவர் நிரலை மாற்றி, ஒவ்வொரு பொருளையும் சரிசெய்துவிட்டால் 6 வெள்ளி. ஐந்து சென்தானே என்கிறீர்களா? ஒரு கடையில் ஒரு நாளைக்கு எத்தனை ரசீது போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நிரலுக்குள் மனிதர் படிப்பதற்காக எழுதப்படும் இத்தகைய வரிகளைக் குறிப்புரை என்கிறோம். கணினி அவற்றைக் கண்டுகொள்ளாது. அவற்றைத் திரட்டி, அட்டவணையும் இணைப்புகளும் கொண்ட கையேடாக ஆக்கித் தரும் கருவிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உள்ளன. ஜாவா மொழிக்கு ஜாவாடாக், சி++ முதலிய மொழிகளுக்கு டிமித்ரி வான் ஹீஷ் 1997இல் வெளியிட்ட டாக்சிஜன், பைத்தானுக்கு ஸ்பிங்ஸ். ஜாவாவில் ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறியும் போட்டுக் குறிப்புரையைத் தொடங்கினால் போதும். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. கையேடு ஓரிடத்திலும் நிரல் வேறோரிடத்திலும் இருந்த காலத்தில், நிரல் மாறும், கையேடு மாறாது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து எழுத வேண்டும் என்று டொனால்ட் குனூத் 1984இலேயே வாதிட்டார். அவர் கேட்டது இதைவிடப் பெரியது: மனிதருக்கு எழுதும் கட்டுரை போலவே நிரலை எழுத வேண்டும் என்றார். அவ்வளவு பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

என் குறை கருவிமேல் அல்ல, அது தரும் அழகின்மேல். உள்ளே சரக்கு இல்லாவிட்டாலும் பக்கம் நிறைந்து தெரிகிறது. "பெயரைப் பெறு" என்ற செயற்கூறுக்குக் கீழே "பெயரைப் பெறும்" என்று ஒரு விளக்கம். இப்படி நூறு பக்கம். ஒவ்வொரு செயற்கூறுக்கும் குறிப்புரை கட்டாயம் என்று விதி வைத்து, எண்ணிக்கையைப் பார்த்து மேலாளர் திருப்திப்படும் இடங்களில் இந்த நோய் சீக்கிரம் பரவும்.

நாம் எல்லாரும் நினைவில் வைக்க வேண்டிய ஒரு விபத்து உண்டு. 1996 ஜூன் 4ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதல் ஏரியான் 5 ஏவுகணை கிளம்பியது. ஏறத்தாழ 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. திசையறியும் கருவியின் மென்பொருளை ஏரியான் 4இலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் எண்ணாக மாற்றும் வரி இருந்தது. 16 பிட்டில் 32,767க்கு மேல் அடங்காது. ஏரியான் 4இல் அந்த எல்லையைத் தொடும் வாய்ப்பே இல்லை. புதிய ஏவுகணையின் கிடைவேகம் மிக அதிகம். எண் எல்லையைத் தாண்டியது, கருவி செயலிழந்தது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் என்னை உறுத்துவது வேறொன்று. அப்படி வழுவக்கூடிய ஏழு மாறிகளில் நான்குக்குத்தான் பாதுகாப்பு தந்திருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதால், மற்ற மூன்றுக்கும் தேவையில்லை என்று சேர்ந்து பேசி முடிவெடுத்தார்கள். ஆனால் அந்த முடிவுக்கான காரணம் மூல நிரலில் எங்கும் இல்லை என்கிறது அறிக்கை. மலைபோல் குவிந்த ஆவணங்களுக்குள் அது மறைந்து கிடந்தது. வெளியிலிருந்து சரிபார்ப்பவர் கண்ணில் படவில்லை. எந்தக் கருவியை அந்த நிரல்மேல் ஓட்டியிருந்தாலும் கையேடு கிடைத்திருக்கும். "இது ஏரியான் 4இன் வேகத்துக்கு மட்டுமே பொருந்தும்" என்ற வரி கிடைத்திருக்காது.

இப்போது குறிப்புரையையே செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. அழகாகவும் எழுதுகிறது. ஆனால் அது படிப்பது நிரலை. நிரல் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். அந்த 80 விழுக்காட்டுப் பேச்சு நடந்த அறையில் அது இல்லையே! கல்லூரியில் நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகள், குறிப்புரைப் பகுதியை முழுதாக அதனிடம் ஒப்படைத்துவிட்டு மதிப்பெண் வாங்குவது எனக்குக் கவலை தருகிறது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் குறிப்புரை என்ற விதியை எடுத்துவிடலாம். பெயரே விளக்கும் இடத்தில் ஒன்றும் வேண்டாம். ஏன் இப்படிச் செய்தோம், எந்த எல்லைவரை இது செல்லும், எதை மாற்றினால் உடையும் என்ற இடங்களில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். கூடவே ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள். பைத்தானில் டாக்டெஸ்ட் என்ற வசதி உண்டு: "இதைக் கொடுத்தால் இது வரும்" என்று குறிப்புரையில் எழுதினால், அதை இயக்கிப் பார்த்து, விடை மாறினால் தவறு என்று காட்டிவிடும். ரஸ்ட் மொழியில் இத்தகைய எடுத்துக்காட்டுகள் மற்ற சோதனைகளோடு சேர்ந்தே ஓடும். அந்தக் கல்லா நிரலின் குறிப்புரையில் "1.98 வீதம் மூன்று பொருள், விடை 5.95" என்று ஒரு வரி இருந்தால், 6 வெள்ளி கேட்கும் நிரல் கடைக்கு வருமுன் சோதனையிலேயே சிக்கிக்கொள்ளும்.