அந்நிய மூலதனமும் கைவித்தையும்

1982-ல் மாருதி கார் கம்பெனியில் 26 சதவீதப் பங்கை ஏற்ற ஜப்பானின் சுசூகி, மறு ஆண்டு டிசம்பரில் குர்காவ்ன் ஆலையிலிருந்து முதல் காரை வெளியிட்டபோது, அதன் உறுப்புகளில் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவையே; பெட்டியைப் பிரித்துப் பூட்டியதற்கு மேல் நாம் செய்தது சொற்பம். ஆயினும், உள்நாட்டு உதிரிபாகங்களை ஆண்டுக்காண்டு பெருக்கவேண்டும் என்று சர்க்கார் விதித்த நிபந்தனையின் பயனாக, சிறு பட்டறைக்காரர்களும் மைக்ரோமீட்டரைக் கையிலெடுத்து, மயிரிழை வித்தியாசத்துக்காகத் தாம் கடைந்த இரும்பைத் தாமே ஒதுக்கித் தள்ளும் சிரத்தையைக் கற்றதே, வந்த பணத்தினும் மெய்யான லாபம். ஸ்ரீபெரும்புதூரிலோ, 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியபோது, பல கோடிக் கைப்பேசிகளைப் பூட்டிய யுவதிகளின் விரல்களில் வேகம் மிஞ்சியது; சில்லு வடிக்கும் வித்தையோ அவ்வூரில் இறங்கவேயில்லை; அதை நாம் வற்புறுத்திக் கேட்கவுமில்லை.