முதுகைப் பார்த்து வாங்க வேண்டிய பெட்டி

மலாயா மண்ணில் மின்சாரம் முதன்முதலாகத் தொழிலுக்குப் பயன்பட்ட ஊர் ரவாங் என்பதும், 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைப்பதற்காகவே அந்த ஜெனரேட்டரை நிறுவினார்கள் என்பதும், கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தையும் பத்துமலைத் திருத்தலத்தையும் நமக்கு விட்டுச்சென்ற அதே தம்புசாமி பிள்ளைதான் இவர் என்பதும் நம்மவர் அடிக்கடி நினைவுகூர வேண்டிய விஷயங்கள். அன்று அந்த மின்சாரத்துக்கு இருந்தது ஒரே வேலை. இன்றோ அதே ரவாங்கில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் டெரஸ் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழுள்ள அலமாரியை எட்டிப் பார்த்தால், ஆஸ்ட்ரோ டிகோடர், யூனிஃபை பெட்டி, பிள்ளைகளின் விளையாட்டு யந்திரம், யாரோ உறவினர் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு பெட்டி, தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் உயிர்பெறும் கராவோக்கே, கல்யாண வி.சி.டி.யை ஓட்டுவதற்காகவே இன்னும் தூக்கியெறியப்படாத டி.வி.டி. பிளேயர் என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரிமோட்டோடும் தனக்கென ஒரு கம்பியோடும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

1963 டிசம்பர் 28 அன்று இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியபோது கூரைமேல் ஓர் ஏரியல் இருந்தாலே போதுமானதாக இருந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்து கூரையில் தட்டொன்றையும் கூடத்தில் பெட்டியொன்றையும் வைத்தது. 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பு அடியோடு நிறுத்தப்பட்டபோது, பழைய தொலைக்காட்சி வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு டிகோடர் தேவைப்பட்டது. இவ்வாறு பெட்டிமேல் பெட்டியாக ஏறிய பிறகுதான், இவை அனைத்தையும் ஓரிடத்தில் வாங்கி, படத்தைத் தொலைக்காட்சிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்தனுப்பும் ஹோம் தியேட்டர் ரிசீவர் என்னும் யந்திரம் சிலருக்கு அவசியமாகவும், பலருக்கு ஆசையாகவும் ஆகியிருக்கிறது.

இந்த யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் நம்மவரிடம் ஒரு பெரும் பிசகு இருப்பதாக எனக்கு அபிப்பிராயம். கொமுட்டர் ரயிலேறி நகருக்குப் போய், கடையில் நின்று, முன்முகத்தில் மின்னும் எழுத்துகளையும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆயிரம் வாட்டையும் கண்டு மயங்கி, தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். பின்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொல்பவர் அரிது. ரிசீவர் என்பது கேஎல் சென்ட்ரலைப் போன்ற ஒரு சந்திப்பு. அங்கே போய் நிற்கும் பயணி இந்த நிலையத்தின் மின்சக்தி எவ்வளவு என்று கேட்பதில்லை, என் வண்டி வந்து நிற்கத் தடம் இருக்கிறதா, மாறிப் போக வேண்டிய வண்டிக்கு வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறான். அந்த விசாரணைக்கு விடை இருப்பது பெட்டியின் முதுகில்.

ஆகையால் கடைக்குப் புறப்படுமுன் ஒரு காகிதத்தில் வீட்டிலுள்ள கருவிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்தக் கம்பியால் பேசுகிறது என்பதையும் குறித்துக்கொள்வது உசிதம். பெரும்பாலானவை எச்.டி.எம்.ஐ. கம்பியால் பேசும். ஆனால் அதே பெயரையும் அதே துவாரத்தையும் வைத்துக்கொண்டே அந்தக் கம்பியின் உள்ளிருக்கும் விதிமுறை பலமுறை மாறிவிட்டது: 2002இல் பிறந்தது, 2009இல் தொலைக்காட்சியிலிருந்து ஒலி திரும்பி வருவதற்கான ஏ.ஆர்.சி. என்ற வழியைப் பெற்றது. 2013இல் நொடிக்கு 18 கிகாபிட் சுமக்கும் வலிமையை அடைந்தது. 2017இல் 48 கிகாபிட்டுக்கு உயர்ந்ததோடு, திரும்பி வரும் வழியும் இ.ஏ.ஆர்.சி. என அகலமாயிற்று. போதாக்குறைக்கு, 4கே படத்தைக் களவு போகாமல் காக்கும் எச்.டி.சி.பி. 2.2 என்ற பூட்டொன்று உண்டு. அதன் சாவி இல்லாத பழைய ரிசீவர் நடுவில் அமர்ந்தால், இருபுறமும் புத்தம்புதிய கருவிகள் இருந்தும், பூட்டிய 4கே படம் திரைக்கு வந்து சேராது. கைமாறி வரும் மலிவான ரிசீவர்களில் ஏமாற்றம் விளையும் இடம் பெரும்பாலும் இதுவே. ஜப்பானின் 100 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டதை நம் 230 வோல்ட் சுவரில் சொருகிப் புகையைக் காண்பது அதனினும் கொடிய ஏமாற்றம்.

புதியதை வாங்கினால் மட்டும் சகலமும் நிவர்த்தியாகிவிடும் என்றும் எண்ணுவதற்கில்லை. 2020இன் இறுதியில், '8கே' என்ற முத்திரையோடு வந்த யமாஹா, டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்கள், அப்பொழுதே வெளியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் விளையாட்டு யந்திரத்திலிருந்து நொடிக்கு 120 சட்டகம் வீதம் வரும் 4கே படத்தைக் கடத்த முடியாமல் கறுப்புத் திரையைக் காட்டின. காரணம் உள்ளே இருந்த ஓர் எச்.டி.எம்.ஐ. சில்லு. டெனானும் மராண்ட்ஸும் இடையில் மாட்டிக்கொள்ள ஒரு சிறு பெட்டியை இலவசமாகத் தர, யமாஹா உட்பலகையையே மாற்றித் தர முன்வந்தது. நீண்ட அனுபவமுள்ள நிறுவனங்களே அட்டையில் அச்சிட்டதை முழுமையாகச் செய்துகாட்ட இடறும்போது, வாங்குபவர் செய்யத்தக்கது ஒன்றே: தமது விளையாட்டு யந்திரத்தையே கடைக்குத் தூக்கிச் சென்று மாட்டிப் பார்ப்பது. விற்பனையாளர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

எல்லாக் கருவியையும் ரிசீவர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இன்று இல்லை. விளையாட்டு யந்திரத்தை நேரே தொலைக்காட்சியில் மாட்டிவிட்டு, ஒலியை மட்டும் இ.ஏ.ஆர்.சி. வழியாக ரிசீவருக்குத் திருப்பியனுப்பினால், மேற்சொன்ன கிகாபிட் தொல்லைகள் தொலைக்காட்சியோடு முடிந்துவிடும். ரிசீவரோ பல ஆண்டுகள் பழையதாகாமல் நிற்கும். இணையத்தில் நாம் பார்க்கும் படங்களின் அட்மாஸ் ஒலி, அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் டால்பி முறை, சற்றுத் தரம் குறையச் சுருக்கப்பட்ட வடிவில்தான் வருகிறது. அதற்குச் சாதாரண ஏ.ஆர்.சி.யே பெரும்பாலும் போதும். தரம் குன்றாத ஒலி புளூரே தட்டில் உண்டு. அந்தத் தட்டுகளை வாங்குகிற வீடுகள் நம்மிடையே எத்தனை என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம். ஆகவே ஏழு எச்.டி.எம்.ஐ. துவாரங்களுக்கு விலை கொடுப்பதற்கு முன், தொலைக்காட்சியின் முதுகில் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எது 'இ.ஏ.ஆர்.சி.' என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஆயிரம் வாட். வாட் கணக்கு பொய்யென்று சொல்லமாட்டேன். எந்த நிபந்தனையில் அளந்தது என்பதை மறைத்துச் சொல்லப்படும் மெய் அது. ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒலிப்பாதையை, மட்டும் இயக்கி, ஒரே சுருதியில், பத்து சதவீதம் ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தால் 150 வாட் காட்டும் பெட்டி, இரண்டு சேனல்களை முழு ஒலிவரிசையிலும் சிதைவின்றி இயக்கச் சொன்னால் 80க்கு இறங்கிவிடுவது சகஜம். ஏழு சேனல்களும் சேர்ந்து முழங்கினால் இன்னும் குறையும். நூற்றைம்பதை ஏழால் பெருக்கி ஆயிரத்து ஐம்பது என்று மார்தட்டும் பெட்டியின் முதுகில், மின்கம்பி நுழையும் இடத்தருகே, அது சுவரிலிருந்து இழுக்கும் சக்தி 400, 500 வாட் என்று சிறிய எழுத்தில் இருப்பதைக் காணலாம். அந்தக் குறிப்பு உச்ச அளவு அன்று என்பது மெய்யே. ஆயினும் உள்ளே போவதைக் காட்டிலும் வெளியே வருவது நெடுநேரம் அதிகமாயிருக்க எந்தப் பொறியியலும் இடங்கொடுக்காது. மேலும், சக்தி இருமடங்கானால் ஒலி மூன்று டெசிபல்தான் உயரும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்துமடங்கு சக்தி வேண்டும். கூடத்தில் அமர்ந்து நிதானமாகக் கேட்கும்போது செலவாவது சில வாட்களே. எண்பதுக்கும் நூறுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்காக ஆயிரம் ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பவர் ஒலியை வாங்கவில்லை, எண்ணை வாங்குகிறார்.

அமெரிக்காவில் இத்தகைய எண்ணிக்கைப் போர் முற்றியபோது, 1974இல் அந்நாட்டுக் கூட்டரசு வர்த்தக ஆணையம், வீட்டு ஆம்ப்ளிஃபையரின் சக்தியை விளம்பரப்படுத்துவோர் எந்த நிபந்தனையில் அளந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்று விதித்தது; 2024இல் அவ்விதியைத் திருத்தி அளக்கும் முறையையும் ஒருசீராக்கியது. நம் பயனீட்டாளர் இயக்கங்கள் உணவுப் பொருளின் லேபிளுக்காகப் போராடிய ஊக்கத்தோடு இதையும் கையிலெடுக்கலாம்: எத்தனை சேனல் இயங்கியது, எத்தனை ஓம் சுமை, எவ்வளவு சிதைவு என்ற மூன்று விவரங்கள் பெட்டியின் மேல் வாட் எண்ணின் அதே எழுத்தளவில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. அதுவரையில், சொன்னதைச் செய்யாத பெட்டியை வாங்கி மனம் புழுங்குவோர் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். அச்சட்டத்தின் கீழுள்ள நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை உரிமை கோரலாம்.

சேனல்களின் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியமைப்போடு வந்த காலத்திலிருந்து, 2012இல் முப்பரிமாணமாக மறுபிறவி எடுத்த 'சிவாஜி' அட்மாஸில் ஒலித்ததும், அடுத்த ஆண்டே 'விஸ்வரூபம்' ஆரோ 3டி முறையைக் கையாண்டதும் வரை, ஒலித் தொழில்நுட்பத்தில் தமிழ்ப் படம் யாருக்கும் பின்தங்கியதன்று என்பது பெருமைதான். ஆனால் நம் வீடுகளில் எழும் முறையீடு கூரையிலிருந்து மழைச் சத்தம் விழவில்லை என்பதல்ல. பின்னணி இசை பொங்கும்போது வசனம் புரியவில்லை என்பதே. வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அந்த நடு ஸ்பீக்கரோ பல 'செட்'களில் ஐந்தினுள் மிக அற்பமானதாக இருக்கிறது. கூரைக்கு இரண்டு ஸ்பீக்கர் மாட்டும் பணத்தை நடு ஸ்பீக்கருக்குக் கொடுத்து, ரிசீவர் மைக்கை வைத்து அறையை அளந்து தானே ஒலியைச் சரிசெய்யும் வசதியைச் சோம்பலில்லாமல் பயன்படுத்தினால், பாட்டியும் வசனம் கேட்டுச் சிரிப்பார்.

கராவோக்கே விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பானவன். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ரவாங்கிலும் நம் குடும்ப விழாக்கள் அது இல்லாமல் நிறைவதில்லை என்பதை அறிவேன். ஆயினும் சினிமா ரிசீவருக்கும் அதற்கும் பொருத்தம் குறைவு. பெரும்பாலான ரிசீவர்களில் பாடும் மைக்கைச் சொருக இடமே கிடையாது. இடைப்பெட்டி வைத்துச் சொருகினாலும், ரிசீவர் ஒலியைப் பதப்படுத்த எடுத்துக்கொள்ளும் கண நேரத் தாமதத்தால் பாடுபவரின் குரல் அவருக்கே பின்தங்கிக் கேட்கும். மைக் ஸ்பீக்கரின் எதிரே போய் வீறிட்டால் உச்ச ஸ்தாயியை ஒலிக்கும் மென்மையான டுவீட்டர் பலியாகும். பாட்டு முக்கியமென்றால் அதற்கென்று ஒரு சிறு மிக்சரும் சக்தியுள்ள ஒரு ஸ்பீக்கரும் தனியாக வாங்குவதே விவேகம். பழைய வி.சி.டி.க்காக மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துவாரங்களைத் தேடி அலைவதும் வேண்டாம். அந்தக் கல்யாணத்தைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றுவது மேல், ஏனெனில் துவாரம் இருந்தாலும் தட்டு நிலைக்காது. ரெக்கார்டு பிளேயர் உள்ளவர் மட்டும் 'போனோ' என்று எழுதிய துவாரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

கடைசியாக, எந்த விற்பனையாளரும் சொல்லாத ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மிகுந்த பிரதேசங்களில் ஒன்று. பருவக்காற்று மாறும் மாதங்களில் மாலைதோறும் வானம் வெடிக்கிறது. கூரைத் தட்டிலிருந்து செம்புக் கம்பி வழியாக டிகோடருக்குள் புகும் மின்னல், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து அதில் கூடிய சகல கருவிகளுக்கும் போகும். கருவிகளை ஒன்றுசேர்க்கும் பெட்டியே சேதத்தையும் பகிர்ந்தளிக்கிறது. இணைய ஃபைபர் கண்ணாடி இழையாதலால் அதன்வழி இந்த அபாயம் இல்லை. இடி கேட்டதும் மின்பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுத் தட்டுக் கம்பியை விட்டுவைப்பவர் பாதி வேலையே செய்தவராவார். வெப்பமும் அதுபோலவே கெடுதல் செய்யும்: உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ரிசீவரைக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரிக்குள் அடைத்து, அதன் தலைமேல் டிகோடரையும் ஏற்றி வைப்பது அதன் ஆயுளைத் தவணை முடியுமுன் முடித்துவைக்கும் வழி.

வூஃபரின் அடியொலியோ டெரஸ் வீட்டின் பொதுச்சுவரை ஊடுருவி அடுத்த வீட்டுத் தொட்டில் வரை செல்லும். நாற்பது ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதைச் செங்கல் தடுக்காது. இரவில் உரத்த ஒலியை அடக்கி மெல்லியதை உயர்த்தும் 'நைட் மோட்' ரிசீவரில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது அண்டை வீட்டாரோடு நாம் வைத்திருக்கும் சிநேகத்துக்குச் செய்யும் உபகாரம்.

என்னிடம் யோசனை கேட்பவர்க்கு நான் சொல்லும் பங்கீடு இது: ஒதுக்கிய தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ரிசீவருக்குப் போக வேண்டாம், ஐந்து சேனலும் இ.ஏ.ஆர்.சி.யும் போதிய துவாரங்களும் உள்ள நடுத்தரப் பெட்டி போதும். பாதியை முன்புற மூன்று ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். மிஞ்சுவதில் பின்புற ஸ்பீக்கர்களும் வூஃபரும் வாங்கியதுபோக ஒரு சிறு தொகையை வைத்திருந்து, உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, பிளக் சொருகும் சுவர்த் துவாரங்களில் மூன்றாவதன் எர்த் கம்பி மெய்யாகவே மண்ணைத் தொடுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.